வால்ட்ஸும் வவுச்சரும்

வால்ட்ஸ் என்றால் ஏதோ வெளிநாட்டு சாக்லேட் என்றும், ஃபாக்ஸ்ட்ராட் என்றால் நாய்க்கு வரும் வியாதி என்றும் நினைப்பவர்கள் கூச்சப்படாமல் மேலே படிக்கலாம். இரண்டும் நடனங்கள். ஆணும் பெண்ணும் ஜோடியாக ஆடுவது. ஆணின் இடது கையில் பெண்ணின் வலது கை. அவனுடைய வலது கை அவள் முதுகில், தோள்பட்டை எலும்புக்கு மேல். (இடுப்பில் இல்லை ஸார். இடுப்பில் வைப்பது சினிமாவில்தான்.) இப்படிப் பிடித்துக்கொண்டு கூடத்தைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றி வர வேண்டும். கோயிலில் பிரதட்சிணம் வந்து பழகிய நமக்கு இது நேர் எதிர்ப்புறம். முதல் நாளே குழப்பம்.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஒரு கட்டுரைக்காக, சென்னையில் பால்ரூம் நடனம் சொல்லிக்கொடுக்கும் ஒரு வகுப்புக்குப் போனேன். கட்டுரை வந்தது. சன்மானம் வரவில்லை. நான் மட்டும் ஒரு வருஷமாகச் சனிக்கிழமை சாயங்காலம் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறேன். வாராக் கடனை இப்படியும் வசூல் பண்ணலாம் என்று எந்த காமர்ஸ் புத்தகத்திலும் போடவில்லை.

வகுப்பில் சேருகிறவர்களை வாத்தியார் கேட்கும் முதல் கேள்வி: "எந்தப் படம் பார்த்துட்டு வந்தீங்க?" பெரும்பாலும் சரியாக ஒரு படத்தின் பெயர் வரும். பத்தில் ஆறு பேர் இரண்டாம் மாதம் காணாமல் போய்விடுவார்கள். படம் காட்டியது ஒன்று, வகுப்பில் நடப்பது வேறொன்று. அந்தப் படங்களை எல்லாம் தேடிப் பிடித்துப் பார்த்துவிட்டேன். பி.காம். படித்தவனுக்குத் தெரிந்த ஒரே விமரிசன முறை ஆடிட். பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம். புத்தகங்களைத் திறப்போம்.

பற்றுப் பக்கத்தில் முதல் அயிட்டம்: நேரம்.

'டர்ட்டி டான்ஸிங்' (1987) உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1963-ம் வருஷத்துக் கோடை. அமெரிக்காவில் மலைப்பிரதேச விடுதி ஒன்று. பணக்கார வீட்டுப் பெண் ஜெனிஃபர் கிரே, விடுதி நடன ஆசிரியர் பேட்ரிக் ஸ்வேஸியிடம் மாம்போ கற்றுக்கொள்கிறாள். எத்தனை நாளில்? சில நாட்களில். மரப்பாலத்தில் ஒரு ஷாட், மாடிப்படியில் ஒரு ஷாட், ஏரித் தண்ணீரில் ஒரு ஷாட். பாட்டு முடிவதற்குள் அம்மணி மேடைக்குத் தயார்.

எங்கள் வாத்தியார் முதல் மூன்று சனிக்கிழமை எங்களை நடக்க வைத்தார். வெறும் நடை. முன்னால் நாலு அடி, பின்னால் நாலு அடி. "ஸார், நடக்கிறதுக்கா ஃபீஸ் கட்டினோம்?" என்று ஒரு இன்ஷ்யூரன்ஸ்காரர் கேட்டார். "நீங்க இதுவரைக்கும் நடந்ததே இல்லை ஸார், விழாம சமாளிச்சிருக்கீங்க" என்றார் வாத்தியார். நாலாவது வாரம்தான் பெட்டி ஸ்டெப். அதாவது தரையில் ஒரு சதுரம் இருப்பதாகப் பாவித்து, மூலைக்கு மூலை காலை வைப்பது. பார்க்கப் பல்லாங்குழி போல எளிது. எனக்கு அது உடம்பில் படிய ஆறு வாரம் ஆயிற்று. இதற்கு எந்த டைரக்டரும் ஃபிலிம் செலவழிக்க மாட்டார்.

இரண்டாவது அயிட்டம்: தூக்கல். அந்தப் படத்தின் கடைசியில் நாயகன் நாயகியைத் தலைக்கு மேல் விமானம் மாதிரித் தூக்கி நிறுத்துவானே, அது. ஜோடிகளுக்கான வழக்கமான பால்ரூம் போட்டியில் தூக்குவதற்கு அனுமதி இல்லை. ஒருவர் தாங்கிப் பிடிக்க, மற்றவரின் இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்பக் கூடாது. ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு ஜோடி சுற்றும் கூடத்தில் ஆளாளுக்குத் தூக்க ஆரம்பித்தால் என்னாகும்? தி.நகர் கூட்டத்தில் ஏணி தூக்கிப் போகிறவனை நினைத்துப் பாருங்கள். 'டர்ட்டி டான்ஸிங்' காட்சி போட்டி அல்ல, விடுதி நிகழ்ச்சி. அதனால் சட்டப்படி தப்பில்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு வகுப்புக்கு வரும் இளைஞர்களின் முதுகுக்கு யார் ஜவாப்தாரி?

மூன்றாவது: காலித் தரை. சினிமாவில் நாயகனும் நாயகியும் ஆட ஆரம்பித்ததும் மற்ற ஜோடிகள் மரியாதையாக ஒதுங்கிச் சுவரோரம் நின்று கைதட்டுகின்றன. நிஜத்தில் யாரும் ஒதுங்க மாட்டார்கள். எல்லா ஜோடிகளும் ஒரே நேரத்தில் ஆட வேண்டும். என்ன பாட்டு போடுவார்கள் என்பது முன்கூட்டித் தெரியாது. ஒவ்வொரு நடனமும் ஒன்றரை, இரண்டு நிமிஷம். அதற்குள் மற்றவர் முழங்கை உங்கள் விலாவில் படாமலும், உங்கள் குதிகால் அடுத்த பெண்மணியின் பாவாடையில் ஏறாமலும், சிரித்த முகம் மாறாமலும் போக வேண்டும். காலை எட்டரை மணிக்கு கிண்டி ஸ்டேஷனில் இறங்கி வெளியே வருகிறவர்களுக்கு இந்தக் கலை பாதி கைவந்திருக்கும்.

நாலாவது: மார்க். 'சில்வர் லைனிங்ஸ் ப்ளேபுக்' (2012) படத்தில் பிராட்லி கூப்பரும் ஜெனிஃபர் லாரன்ஸும் ஒரு போட்டியில் ஆடுகிறார்கள். தனியாக, தாங்களே தேர்ந்தெடுத்த பாட்டுக்கு. பத்துக்கு ஐந்து ஆவரேஜ் வந்தால் போதும், அப்பா கட்டிய பந்தயம் ஜெயிக்கும். வந்துவிடுகிறது. பக்கத்தில் ஆடியவர்கள், ஐந்துக்கு இப்படிக் குதிக்கிறார்களே என்று முழிக்கிறார்கள். ஜோரான காட்சி. ஆனால் பால்ரூம் போட்டிகளில் காலம் காலமாகப் பின்பற்றும் முறையில் ஆவரேஜுக்கே இடமில்லை. ஆரம்பச் சுற்றுகளில் நடுவர் மார்க்கே போடுவதில்லை. 'இவர்கள் அடுத்த சுற்றுக்கு வரட்டும்' என்று நம்பருக்கு எதிரே ஒரு குறி மட்டும் போடுவார். ஒரு ஜோடிக்கு அவர் பார்வை கிடைப்பது சில விநாடிதான். வருஷக்கணக்கான உழைப்பு, சில விநாடி! பைனலில் பெரும்பாலும் ஆறு ஜோடிகள். அங்கே ஒவ்வொரு நடுவரும் முதல் இடம், இரண்டாம் இடம் என்று வரிசைப்படுத்துவார். ஏழு நடுவரில் நாலு பேர் முதல் இடம் கொடுத்தால் அந்த நடனத்தில் நீங்கள்தான் முதல். மற்ற மூன்று பேர் கடைசி இடம் கொடுத்திருந்தாலும் சரி. 1930-களில் இங்கிலாந்தில் வந்த இந்தக் கணக்குக்கு 'ஸ்கேட்டிங் சிஸ்டம்' என்று பெயர். இதைப் புரிந்துகொண்ட அன்று, டபுள் என்ட்ரி புரிந்த நாளுக்கு அப்புறம் முதல் தடவையாக எனக்குக் கண் கலங்கியது.

சரி, வரவுப் பக்கம் புரட்டுவோம். நாணயமான ஆசாமிகளும் இருக்கிறார்கள்.

முதல் பெயர் ஃப்ரெட் அஸ்டேர். 1930-களில் ஜிஞ்சர் ராஜர்ஸுடன் ஜோடி போட்டவர். தலை முதல் பாதம் வரை முழு உடம்பும் திரையில் தெரிய வேண்டும், வெட்டி ஒட்டக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தவர். முகம் நடிகருக்கு, கால் டூப்புக்கு என்கிற தில்லுமுல்லுக்கு வழியே இல்லை. 'ஸ்விங் டைம்' (1936) படத்தில் ஒரு நடனத்தை நாற்பத்தேழு தடவை எடுத்தார்கள் என்பது பிரசித்தம். ராஜர்ஸின் காலில் ரத்தம் கசிந்தது என்பதும். திரையில் அது பூ உதிர்வது போல இருக்கிறது. சினிமா, திரையில் மறைக்கிற உண்மையை செட்டில் செய்து முடித்திருக்கிறது.

அடுத்தது ஆஸ்திரேலியப் படம் 'ஸ்ட்ரிக்ட்லி பால்ரூம்' (1992). டைரக்டர் பாஸ் லர்மான் சின்ன வயதில் பால்ரூம் கற்றவர். நாயகன் பால் மெர்குரியோ தொழில்முறை நடனக்காரர். கதை இதுதான்: சாம்பியன் ஆக வேண்டிய பையன் சொந்தமாக ஸ்டெப் போடுகிறான். 'ரூல் புத்தகத்தில் இல்லை' என்று சங்கத் தலைவர் பொங்குகிறார். (ஆபீஸில் மானேஜர் சொல்வாரே, 'ப்ரஸிடென்ட் இல்லையேப்பா' என்று. அதே குரல், அதே தொப்பை.)

இது நிஜமா? பாதி. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று படிப்படியாகப் போகும் கீழ்நிலைப் போட்டிகளில் சிலபஸுக்கு வெளியே ஸ்டெப் போட்டால் தண்டனை உண்டு. மேல்நிலைக்கு வந்துவிட்டால் நாயகன் போடுவதையெல்லாம் நிஜத்தில் தாராளமாகப் போடலாம். ஆக, சட்ட விஷயத்தில் படம் பலூன் ஊதுகிறது. ஆனால் சூழ்நிலை அச்சு அசல். உடம்பெல்லாம் பூசிய செயற்கைப் பழுப்பு நிறம், ஆணி அடித்து மாட்டிய சிரிப்பு, முதுகில் குத்திய நம்பர், ஓரத்தில் நின்று நகம் கடிக்கும் அம்மாக்கள், இன்றைக்கு டீச்சர் நாளைக்கு நடுவர் என்று எல்லாரும் எல்லாருக்கும் வேண்டியவர்களாக இருக்கிற சின்ன உலகம். கேலிப் படம் மாதிரி எடுத்திருக்கிறார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அது டாகுமென்டரி.

'சென்ட் ஆஃப் எ வுமன்' (1992) படத்தை எந்தப் பக்கம் எழுதுவது? கண் தெரியாத ரிடையர்ட் கர்னல் அல் பசீனோ, ஓட்டலில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணை டாங்கோ ஆட அழைத்துப் போகிறார். அவளுக்கு டாங்கோ தெரியாது. இரண்டு நிமிஷத்தில் பிரமாதமாக ஆடிவிடுகிறாள். இது பற்று. ஆனால் எழுந்து போகுமுன் கர்னல், கூட வந்த பையனிடம் தரையின் நீள அகலத்தையும் மேஜைகள் எங்கே என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். இது வரவு. ஜோடியை நடத்திப் போக ஆணுக்குக் கண்ணைவிட நெஞ்சும் முதுகும்தான் தேவை. அவன் உடம்பு எங்கே சாய்கிறதோ அதைப் பெண் உடம்பு படிக்கிறது. வாத்தியார் எங்களைக் கண்ணை மூடிக்கொண்டு ஆடச் சொல்லியிருக்கிறார். சுவர் எங்கே என்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே இந்தப் படத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டுவிட்டு மேலே போகிறேன். ஆடிட்டர்கள் மன்னிக்க.

இப்போது, இத்தனை புத்தகங்களிலும் கணக்கு சரியாக இருந்த ஒன்று. ஜப்பானியப் படம். 'ஷால் வீ டான்ஸ்?' (1996). டைரக்டர் மசாயுகி சுவோ. 1997-ல் அந்த நாட்டு அகாதமி விருதுகளில் பதினாலை அள்ளிக்கொண்டு போன படம்.

நாயகன் யார் தெரியுமா? அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் ஆசாமி! உலக சினிமாவில் நம் ஜாதிக்குக் கிடைத்த அபூர்வ கௌரவம். வயது நாற்பதைத் தாண்டியாயிற்று. கடன் வாங்கி வீடு கட்டியாயிற்று. நல்ல மனைவி, ஒரு பெண். எதிலும் குறையில்லை, எதிலும் ருசியில்லை. தினமும் ரயிலில் திரும்பும்போது ஒரு நடனப்பள்ளியின் ஜன்னலில் ஒரு பெண் நிற்பதைப் பார்க்கிறான். ஒருநாள் இறங்கிவிடுகிறான். அவளுக்காகத்தான் சேருகிறான் (இதை மறைக்காததே படத்தின் முதல் நாணயம்). கிடைப்பதோ வயதான டீச்சரம்மாவின் குரூப் வகுப்பு. கூடப் படிப்பவர்கள் டாக்டர் சொல்லி வந்த ஒரு குண்டு மனிதரும், இன்னொரு வெட்டிப் பேச்சுக்காரரும். எங்கள் வகுப்பை ஜப்பானில் யாரோ ஒளிந்திருந்து படம் பிடித்தது போல இருந்தது.

அப்புறம் ஆபீஸ் மேஜைக்கு அடியில் அவன் கால் தானாக ஸ்டெப் போடுகிறது. பிளாட்பாரத்தில் ரயிலுக்கு நிற்கும்போது போடுகிறது. இது நூற்றுக்கு நூறு உண்மை. பாங்க் கவுண்ட்டரில் நான் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து, பின்னால் நின்றவர் "பாத்ரூம் அந்தப் பக்கம் ஸார்" என்று வழி காட்டியிருக்கிறார்.

ஆனால் படத்தின் உயிர் வேறு இடத்தில். அவன் இதை வீட்டில் சொல்வதில்லை. ஆபீஸிலும் சொல்வதில்லை. கணவனும் மனைவியும் வெளியில் கை கோத்து நடக்காத, பிரியத்தை வாய்விட்டுச் சொல்லாத ஊரில், இன்னொருவர் கையைப் பிடித்து நாலு பேர் பார்க்க ஆடுவது எவ்வளவு வெட்கம்! எந்த ஊரைச் சொல்கிறேன் என்று கேட்காதீர்கள். ஜப்பானைத்தான். அங்கே பார், கேபரே வகையறாக்களுக்கான 1948-ம் வருஷத்துச் சட்டத்துக்குள் நடனக்கூடங்களையும் சேர்த்துவைத்திருந்தார்கள். 2015-ல் திருத்தம் கொண்டுவந்துதான் நடனத்துக்கு அதிலிருந்து ஒருவழியாக விடுதலை கொடுத்தார்கள். படத்தில் அதே ஆபீஸில் வேலை பார்க்கும் ஒருவர், எல்லாரும் அசட்டு ஆசாமி என்று சிரிக்கிறவர், ராத்திரியில் விக்கு வைத்துக்கொண்டு லத்தீன் நடனம் ஆடுகிறார். இருவரும் நடனப்பள்ளியில் எதிரும் புதிருமாகச் சந்திக்கும்போது முகத்தில் வருகிறதே ஒரு பயம். திருடனும் திருடனும் ஒரே வீட்டில் சந்தித்த மாதிரி. அதை எந்த ஹாலிவுட் படத்திலும் நான் பார்க்கவில்லை.

என்னோடு வகுப்பில் ஒரு பாங்க் ஆபீஸர் இருந்தார். ஐம்பத்திரண்டு வயது. என்னைத் "தம்பி" என்பார். வகுப்பிலேயே அருமையாக வால்ட்ஸ் ஆடுகிறவர் அவர்தான். அடிப்பாகம் மெல்லிய தோலில் நடனத்துக்கென்றே செய்த ஷூவை ஸ்கூட்டர் டிக்கியில் துணி சுற்றி வைத்திருப்பார். கம்பி பிரஷ்ஷால் அதன் அடியைத் தேய்த்துச் சுத்தம் பண்ணும்போது முகத்தில் ஒரு பக்தி தெரியும். வீட்டில் யோகா கிளாஸ் என்று சொல்லியிருந்தார்.

"ஏன் ஸார், சொன்னா என்ன? திட்டுவாங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"திட்டினா பரவாயில்ல தம்பி. சிரிச்சுட்டா?" என்றார்.

அந்தப் படத்தில் மனைவி துப்பறியும் ஆளை வைத்துக் கண்டுபிடிக்கிறாள். இங்கே அவ்வளவு செலவில்லை. ஸ்கூட்டர் சர்வீஸுக்குப் போன அன்று டிக்கியைக் காலி செய்தவர் அந்த அம்மாள். ஒன்றும் கேட்கவில்லையாம். அடுத்த சனிக்கிழமை, "நானும் வரேன், உங்க யோகாவைப் பாக்கணும்" என்று பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். மடியில் கைப்பை. வாத்தியார் "நீங்களும் வாங்கம்மா" என்று கூப்பிட்டார். "நான் பாக்கறேன். அவர் ஆடட்டும்" என்றார். பாட்டு போட்டாயிற்று. ஒன்று, இரண்டு, மூன்று... ஆபீஸரின் கால் தரையை விட்டு எழும்பவில்லை. வகுப்பிலேயே நன்றாக ஆடுகிற மனிதர், மூன்று பாட்டு முழுக்க நின்ற இடத்தில் நின்றார். ஜப்பானியப் படத்தில் போட்டி நடுவே மனைவியும் மகளும் வந்திருப்பது தெரிந்ததும் நாயகன் தடுமாறி, ஜோடியின் கவுனை மிதித்துக் கிழித்துவிடுவான். முதல் தடவை பார்த்தபோது எனக்கு அது சினிமாத்தனமாகப் பட்டது. அன்றைக்குப் படவில்லை. ஊரே பார்க்கலாம். வீட்டு ஆள் பார்த்தால்தான் கால் கட்டிப்போகிறது.

வகுப்பு முடிந்து படியிறங்கும்போது அந்த அம்மாள் ஷூ பையைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். "இவ்வளவு நாளா முட்டி வலின்னு நீவி விட்டேனே, இதுக்குத்தானா?" என்றார். சிரித்தாரா என்று இருட்டில் தெரியவில்லை. இப்போதும் சனிக்கிழமை இருவரும் வருகிறார்கள். அம்மாள் இன்னும் ஆடவில்லை. நாற்காலி மட்டும் வாராவாரம் கொஞ்சம் முன்னால் நகர்கிறது. இவரும் இப்போது ஆடுகிறார், முன்னைவிடச் சுமாராக.

இதே கதையை 2004-ல் ஹாலிவுட்டில் ரிச்சர்ட் கியரை வைத்து எடுத்தார்கள். சிகாகோ வக்கீல். ஜன்னலில் ஜெனிஃபர் லோபஸ். நடனங்கள் இன்னும் பளபளப்பு. கடைசியில் கியர் கோட்டு சூட்டுடன், கையில் ரோஜாவுடன், எஸ்கலேட்டரில் ஏறி மனைவியிடம் வருகிறார். கொட்டகையில் பெண்கள் பெருமூச்சு விட்டிருப்பார்கள். ஆனால் ஒன்று உதைக்கிறது. அமெரிக்காவில் ஒரு மனிதன் ஆடப் போனால் யாருக்கு என்ன வெட்கம்? அவன் எதற்காக ஒளிகிறான் என்பதற்குப் படத்தில் வவுச்சரே இல்லை. ஸ்டெப் எல்லாம் சரி. எதற்காக ஆடுகிறான் என்கிற என்ட்ரி மட்டும் விட்டுப்போய்விட்டது.

ஆக, என் ஆடிட் ரிப்போர்ட் இது. நடனப் படங்கள் ரூல் பற்றிப் பொய் சொல்லலாம், மார்க் பற்றிப் பொய் சொல்லலாம், மூன்று நிமிஷத்தில் மாம்போ வந்துவிடும் என்று பச்சைப் பொய்யே சொல்லலாம். அதெல்லாம் ரவுண்டிங் ஆஃப். போகட்டும். ஒரு சாதாரண மனுஷன் தன் கை கால்களை முதல் தடவையாக நாலு பேர் நடுவே வெளியே எடுக்கும்போது வருகிற கூச்சம் இருக்கிறதே, அதை ஒளிக்கிற படம்தான் கணக்கில் கைவைக்கிற படம். அதைக் காட்டுகிற படத்தில் கால் ஸ்டெப் தப்பியிருந்தால்கூட நான் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

அந்த ஜப்பானியப் படம் கிடைத்தால் பாருங்கள். கல்யாணமானவர்கள் தனியாகப் பார்க்க வேண்டாம். பக்கத்து நாற்காலியில் அவரையும் உட்கார வையுங்கள். ஒன்றும் பேச வேண்டாம். படம் முடிந்து டைட்டில் ஓடும்போது காலைக் கொஞ்சம் ஆட்டிப் பாருங்கள். "என்ன, கொசுவா?" என்று கேட்டால், விஷயத்தை அப்போதே சொல்லிவிடுவது நல்லது. ஸ்கூட்டர் என்றாவது ஒருநாள் சர்வீஸுக்குப் போகத்தான் போகிறது.